பட்டாபிராம் லோக்கலில் ஒரு கான்சர்டினா

1

"எல்லாம் எடுத்துகினு வா. அந்தப் பொட்டிய மட்டும் எடுத்துகினு வராதே" என்றான் அண்ணன் போனில்.

நைனாவின் வருஷத் திதிக்கு ஊருக்கு வருகிறேன் என்று சொன்னதற்கு இதுதான் பதில். எத்தனை நாள் லீவு, பொண்ணு வருதா, ஏர்போர்ட்டுக்கு யார் வரணும், ஒன்றும் கேட்கவில்லை. போனை வைத்ததும் பரணிலிருந்து பையை இறக்கினேன். புடவைகளுக்கு முன்னால், அண்ணிக்கு வாங்கிய சாக்லேட்டுக்கு முன்னால், அந்தப் பெட்டியைத்தான் முதலில் உள்ளே வைத்தேன். வேண்டாம் என்றால் அதைத்தான் முதலில் செய்வேன் என்பது பட்டாபிராமில் என்னோடு படித்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். கூடப் பிறந்தவனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை.

அந்தப் பெட்டியின் பெயர் கான்சர்டினா. உங்களில் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆறு மூலைப் பெட்டி, டிபன் கேரியரில் ஒரு அடுக்கு அளவு இருக்கும். இரண்டு பக்கமும் மரப்பலகை, பலகையில் பொத்தான்கள், நடுவே மடிப்பு மடிப்பாகத் தோல் துருத்தி. இரண்டு கையையும் வாரில் நுழைத்து, முழங்காலில் ஒரு முனையை ஊன்றி, அமுக்கியும் இழுத்தும் வாசிக்க வேண்டும். ஹார்மோனியத்துக்குத் தூரத்துச் சொந்தம் என்று வையுங்கள். ஆனால் குணம் வேறு. ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரு ஸ்வரம்தான். இதில் அதே பொத்தானுக்குத் துருத்தியை அமுக்கினால் ஒரு ஸ்வரம், இழுத்தால் இன்னொரு ஸ்வரம். மூச்சு விடத் தெரியாதவர்களுக்கு இது ஒத்துவராது. நடுப்பாட்டில் காற்று தீர்ந்துபோனால் கட்டைவிரலால் ஒரு தனிப் பொத்தானைத் தொட்டு மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ஒன்பது வருஷமாக வாசிக்கிறேன். இன்னமும் அதே இடத்தில்தான் எனக்குக் காற்று தீர்கிறது. சுமாராக வாசிப்பேன், சில நாள் சுமாருக்கும் கீழே. எனக்கு அது போதும். போதாது என்கிறவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும்.

2

நான் இருப்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில், மழைக்குக் குறைவில்லாத ஒரு சின்ன ஊரில். முதியோர் இல்லத்தில் நர்ஸ். வந்த புதிதில், ஒரு பெரியவர் இறந்ததை அவர் மகனுக்குப் போனில் சொல்லும்போது, நம்மூர் ஆஸ்பத்திரி வழக்கப்படி "எக்ஸ்பயர் ஆகிவிட்டார்" என்று சொல்லிவிட்டேன். அந்த ஊரில் பால் பாக்கெட்டுக்குத்தான் அப்படிச் சொல்வார்களாம். மேலதிகாரி அம்மா தனியே கூப்பிட்டுச் சொன்னாள். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

இப்போது அதெல்லாம் பழகிவிட்டது. காலை ஷிப்ட் முடிந்து வந்து, குக்கரை ஏற்றி, அது விசில் அடிப்பதற்குள் பெட்டியை மடியில் வைத்துவிடுவேன். தோல் வாசனையும் ரசம் கொதிக்கும் வாசனையும் கலந்து வரும். நாளெல்லாம் தூக்கியும் புரட்டியும் மரத்துப்போன கைகள் பொத்தான்மேல் பட்டதும் தனியாக உயிர் வந்தவை மாதிரி ஓடும். துருத்தி விரியும்போது என் நெஞ்சும் விரிகிறது. இதைவிடப் பெரிய பலன் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சொல்லச் சொல்லித்தான் எல்லாரும் கேட்கிறார்கள். எத்தனை கிரேடு முடிச்சீங்க, கச்சேரி உண்டா, சர்ட்டிபிகேட் வருமா, யூடியூப்பில் போடுவீங்களா. எங்கள் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவுக்கு வாசிக்கிறேன் என்று பெயர் கொடுத்தேன். "இது நம்ம வாத்தியம் இல்லையே மேடம்" என்று திருப்பிவிட்டார்கள். விழாவன்று மேடையில் நாலு பிள்ளைகள் வயலின் வாசித்தன. வயலின் எந்தத் தோட்டத்தில் காய்த்தது, காஞ்சிபுரத்திலா? கிளாரினெட்டும் ஹார்மோனியமும் மாங்காட்டு அம்மன் கோயில் குளத்திலிருந்தா முளைத்து வந்தன? எல்லாம் கப்பலில் வந்தவைதான். வாசித்து வாசித்து நம்முடையதாக ஆக்கிக்கொண்டோம். நானும் அதைத்தான் செய்கிறேன், தனியாக.

என் மகள் மதிக்குப் பதினைந்து வயது. மூன்று வருஷம் பியானோ கற்றுக்கொண்டு, வகுப்பில் முதலாவதாக வர முடியவில்லை என்றதும் விட்டுவிட்டாள். இப்போது மட்டையும் பந்துமாக ஓடுகிற அந்த ஊர் விளையாட்டுதான் அவளுக்கு உலகம். வீட்டில் நான் தமிழில் கேட்டால் பெரும்பாலும் இங்கிலீஷில் பதில் வரும். நான் வாசித்தால் அவள் அறைக் கதவு சாத்தப்படும். அவள் சிநேகிதிகள் வரும் நாளில் "மா, இன்னிக்கு மட்டும் அந்த டப்பா வேணாம், ப்ளீஸ்" என்பாள். அண்ணனுக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சமுத்திரம் இருக்கிறது, ஆனால் இந்த விஷயத்தில் மாமனும் மருமகளும் ஒரே கட்சி.

3

எங்கள் நைனா பாரிமுனையில் ஒரு பேப்பர் மொத்தக் கடையில் வேலை பார்த்தார். காலை லோக்கலில் பட்டாபிராமில் ஏறி சென்ட்ரலில் இறங்குவார். அந்த ஒரு மணி நேரம்தான் அவருடைய வாழ்க்கை என்று சொன்னால் மிகை இல்லை. முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் அவருடைய பாட்டுக் கூட்டாளிகளின் ஜமா இருக்கும். சினிமா மெட்டில் சொந்தமாகக் கட்டின பாட்டு, சாமி பாட்டு, கானா, எல்லாம் உண்டு. மிருதங்கமும் கிடையாது, தபேலாவும் கிடையாது. சீட்டுப் பலகையும், பெட்டிச் சுவரும், டிபன் பாக்ஸ் மூடியும்தான் தாளம். நைனா கட்டின பாட்டு ஒன்று வாரம் தவறாமல் ஓடும்.

"ஏறிக்கோ மாமே ஏறிக்கோ, எடம் கீது ஏறிக்கோ
நின்னாலும் வண்டி போவும், குந்தினாலும் போவும்"

பெரிய கவிதை இல்லைதான். மூச்சு முட்டுகிற கூட்டத்தில் நின்றுகொண்டு கேட்டால் அதன் அருமை தெரியும்.

நர்சிங் படித்த வருஷங்களில் நானும் அந்தப் பெட்டியில்தான் போனேன். அங்கே ஒரு விதி உண்டு. ஸ்டேஷன் வந்தால் பாட்டு நிற்காது. உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து, பையை வாங்கி, இடம் விட்டுக்கொண்டிருக்கும்போது ஒன்றிரண்டு பேர் பல்லவியை இழுத்துப் பிடித்திருப்பார்கள். ஏறுகிறவன் ஏறும்போதே அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வாங்க, பாடுங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். பிடிக்காமல் சும்மா நின்றால் வீட்டில் சண்டை, இல்லை உடம்பு சரியில்லை, இல்லை நம்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்வார்கள். மரியாதை தெரிந்தவன் முந்திக்கொண்டு பாடுவான்.

இந்த மரியாதையைத்தான் நான் அயர்லாந்துக்குக் கொண்டுபோனேன். ஊர்ச் சமூகக் கூடத்தில் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்து கான்சர்டினா கொஞ்சம் கைக்கு வந்ததும், அந்த ஊர்க்காரர்கள் பப்பில் வட்டமாக உட்கார்ந்து வாசிக்கிற இடத்துக்குப் போனேன். குழல், பிடில், பாஞ்சோ என்று ஏழெட்டுப் பேர். வேலைக்குப் போகிற சாதாரண ஜனங்கள். யாரும் யாருக்காகவும் வாசிக்கவில்லை, தங்களுக்காக வாசிக்கிறார்கள். அடடா, இது நம்ம மூணாவது பெட்டி என்று எனக்குப் புல்லரித்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, தெரியாத மெட்டுக்கும் பொத்தானை அமுக்கி, நடு நடுவே மேஜையில் தாளமும் தட்டினேன். எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள். மெட்டு மட்டும் பாதியில் செத்துப்போனது. குழல் வாசித்த பெரியவர் என் பக்கம் குனிந்து, "வீட்டில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள அருமையான மெட்டு இது" என்றார். நான் நன்றி சொன்னேன். என்னை வாயை மூடச் சொல்லியிருக்கிறார் என்று பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது.

கோபம் என்றால் கோபம், அப்படி ஒரு கோபம். விட்டுத் தொலைக்கலாம் என்று தோன்றியது. நான் ஏன் விடணும்? அடுத்த வாரமும் போனேன். பெட்டியை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர்கள் முறை அதுதான். புதிதாக வருகிறவள் காத்திருக்க வேண்டும். அவர்களாகப் பார்த்து, "நீங்க ஒன்று ஆரம்பிக்கிறீர்களா" என்று கேட்ட பிறகுதான் வாசிக்க வேண்டும். வாரக்கணக்கில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் கேட்டார்கள். அவர்கள் மெட்டு எதுவும் நம்பி வாசிக்கிற அளவுக்கு எனக்கு வராது. நைனாவின் "ஏறிக்கோ மாமே"யை வாசித்தேன். இரண்டாவது சுற்றில் பிடில் சேர்ந்தது, மூன்றாவதில் எல்லாரும் சேர்ந்தார்கள். அதற்கு இப்போது அங்கே "ஹேமாவின் மெட்டு" என்று பெயர். என் பெயர் ஹேமாவதி என்பதை இவ்வளவு நேரம் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

4

நைனா இறந்தபோது நான் வரவில்லை என்று ஊரில் பேசுகிறவர்களுக்கு இதைச் சொல்லிவிடுகிறேன். என் வசிப்பு அனுமதி அட்டை முடிந்துபோய், புது அட்டைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த நேரம் அது. அட்டை இல்லாமல் வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்கள் என்று நிச்சயம் இல்லை. அந்த அலுவலகத்துக்குப் போன் போட்டால் வரிசையில் இருக்கிறீர்கள் என்று ஒரு பதிவுக் குரல், அதற்குப் பின் ஒரு பிடில் மெட்டு. எனக்கு வாசிக்கத் தெரிந்த மெட்டு அது என்பதுதான் கொடுமை. மெட்டு திரும்பத் திரும்ப ஓடியது, யாரும் எடுக்கவில்லை. நான் அழுதுகொண்டே விரலைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் செல்போனில்தான் பார்த்தேன். நைனா அப்போது கொரட்டூரில் அண்ணன் முரளியின் அடுக்குமாடி வீட்டில் இருந்தார். கண்ணாடிப் பெட்டி, நாலு மாலை, பத்துப் பதினைந்து பேர். மேளம் இல்லை, பாட்டு இல்லை. அசோசியேஷனில் சத்தம் கூடாதாம். ஜமா ஆட்கள் வந்து கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் நின்றிருக்கிறார்கள். பாட வேண்டாம் என்று அண்ணன் ஆள் அனுப்பிச் சொல்லிவிட்டான். வாழ்நாள் முழுக்கச் சத்தமாக இருந்த மனுஷனைக் கிசுகிசுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவர்களில் ஒருவர் இறந்தால், ஒருநாள் காலை வண்டி முழுக்க அவருக்கு. அவர் ஏறுகிற ஸ்டேஷனில் ஆரம்பித்து சென்ட்ரல் வரைக்கும் அவர் பாட்டுதான் ஓடும். ஆனால் இறந்தவர் வீட்டு ஆள் ஒருத்தராவது கூட ஏறி, கூடப் பாட வேண்டும். வீட்டு ஆள் சேராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பெற்றவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இல்லாத அக்கறையை நாங்கள் திணிக்கக் கூடாது என்பது அவர்கள் நியாயம்.

காதர் அண்ணன் அந்த ஜமாவில் நைனாவுக்கு அடுத்த குரல். பூந்தமல்லியில் பிறந்தவர், ஆவடியில் குடித்தனம், மூர் மார்க்கெட் பக்கம் ரெடிமேட் துணி வியாபாரம். முரளிக்கு எத்தனையோ முறை போன் பண்ணியிருக்கிறார். முதலில் வேலை இருக்கிறது என்று பதில், பிறகு போனை எடுக்கவே இல்லை. என் நம்பரை யாரிடமோ வாங்கி எனக்குப் பேசினார்.

"பாப்பா, நீ இன்னா நெனச்சிக்கினாலும் சரி, சொல்லிடறேன். உங்க நைனா இன்னும் பட்டாபிராம் ஸ்டேஷன்லதான் நின்னுகினுகீறாரு. வூட்டாளு யாரும் வந்து ஏத்தி உடல."

அன்றைக்குத்தான் டிக்கெட் போட்டேன்.

5

மீனம்பாக்கத்தில் சுங்கத்துக்காரர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஆறு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஸ்கேன் படத்தில் உள்ளே வரிசையாகத் தகடு தகடாகத் தெரிகிறதே, என்ன மெஷின் இது என்றார். வாத்தியம் என்றேன். வாசியுங்கள் பார்க்கலாம் என்றார். தூக்கக் கலக்கத்தில் நின்றபடியே ஒரு மெட்டு வாசித்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மதி நாலு தள்ளுவண்டி தள்ளிப் போய், யாரோ பெற்ற பிள்ளை மாதிரி நின்றுகொண்டாள்.

கொரட்டூர் வீட்டில் காப்பி குடித்த கையோடு பேச்சு ஆரம்பித்தது. திதிக்கு அண்ணன் ஏரிக்கரைப் பக்கம் ஒரு சின்ன மண்டபம் எடுத்திருந்தான். ஐயர், சாப்பாடு, எல்லாம் ஏற்பாடு. அண்ணன் மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள், அந்தப் பெண் வீட்டாரும் வருகிறார்கள்.

"அரை மணி நேரம் ஜமா ஆளுங்க பாடட்டும்ணா, நானும் வாசிக்கிறேன்" என்றேன்.

"பொண்ணு வூட்டுக்காரங்க முன்னாடி கானாவா? நல்லா கீதும்மா."

"நைனா பாடின பாட்டு அது."

"பாடினாரு. ஊரே வேடிக்கை பார்த்துச்சு. அதே வண்டியிலதான் நான் காலேஜ் போனேன். என்கூடப் படிச்ச பசங்க அவரு மாதிரி தட்டிக் காட்டுவானுங்க. அதுக்கு பயந்து நான் கடைசிப் பெட்டியில ஏறுவேன், தெரியுமா உனக்கு? நீ மூணு வருஷம் ஜாலியா போய்ட்டு வந்தே. அப்புறம் பிளேன் ஏறிட்டே. கடைசி வரிக்கும் கூட இருந்து பார்த்தது நான்."

அது உண்மை. நைனாவைக் குளிப்பாட்டினதும் மாத்திரை கொடுத்ததும் அவன்தான். அதற்காக அவன் காலில் விழச் சொன்னாலும் விழுவேன். ஆனால் அவருடைய பாட்டை நிறுத்துகிற உரிமை அந்தக் கணக்கில் வராது. அதை அப்படியே முகத்துக்கு நேராகச் சொன்னேன்.

"மண்டபத்துல அந்தப் பொட்டி தொறக்கக் கூடாது. அவ்ளோதான்" என்று எழுந்து போனான்.

சரி, மண்டபத்தில் திறக்கவில்லை. வண்டியில் திறக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. காதர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

6

திதியன்று விடிந்ததும், கோயிலுக்குப் போகிறோம் என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு, மதியை எழுப்பி இழுத்துக்கொண்டு கிளம்பினேன். எதற்கு என்று கேட்டாள். தாத்தாவுக்காக என்றேன். முணுமுணுத்தபடி வந்தாள். கொரட்டூரிலிருந்து எதிர்த்திசை வண்டி பிடித்துப் பட்டாபிராம் போய் இறங்கினோம்.

பிளாட்பாரத்தில் நாலு பேர் நின்றிருந்தார்கள். பாதிப் பேர் ரிட்டயர் ஆனவர்கள், இதற்காகவே வந்தவர்கள். ஒரு வார்த்தை விசாரித்தார்கள், மதியின் தலையைத் தடவினார்கள், அவ்வளவுதான். வண்டி வந்தது. மூன்றாவது பெட்டி. ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தார்கள். வண்டி நகர்ந்ததும் ஒருவர் சீட்டில் தாளம் போட்டு நைனாவின் பாட்டை எடுத்தார். ஆவடியில் கூட்டம் முண்டியடித்து ஏறியது. அதற்குள்ளிருந்து காதர் அண்ணன் ஏறும்போதே பல்லவியைப் பிடித்தார். வெள்ளைத் தாடி வைத்திருக்கிறார், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பெட்டியை வெளியே எடுத்து, வாரில் கையை நுழைத்து, மூடியபடியே மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். கண் கலங்கியது. நிமிர்ந்து உட்கார்ந்து, அவர்கள் கூப்பிடட்டும் என்று காத்திருந்தேன்.

அண்ணனூர் போயிற்று. திருமுல்லைவாயில் போயிற்று. பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அதில் சூடு குறைந்துகொண்டே வந்தது. ஒருவர் தாளத்தை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஆரம்பித்தார். வயசாகிவிட்டது, களைத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

"நீ ஏன்மா வாசிக்கல?" என்றாள் மதி.

"கூப்பிடுவாங்க, இரு."

"அவங்க உன்னையேதான் பார்த்துட்டு இருக்காங்க. ரொம்ப நேரமா."

நிமிர்ந்து பார்த்தேன். காதர் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கிட்டே வந்தார். கோபம் இல்லை, அதைவிட மோசமாக, முகத்தில் ஒரு மரியாதை இருந்தது.

"இன்னாம்மா, பொட்டியத் தொறக்காமயே குந்திகினுகீறே. உன்க்கு இஷ்டம் இல்லன்னா உட்டுரும்மா. அம்பத்தூர்ல நிறுத்திக்கிறோம். ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டோம்."

ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, நைனாவை அம்பத்தூரில் இறக்கிவிடப் பார்த்தேனே. நான் வளர்ந்த பெட்டியில் உட்கார்ந்துகொண்டு அயர்லாந்து பப்பின் மரியாதையைக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே பெட்டி மூடியிருந்தால் பணிவு. இங்கே அதற்கு அர்த்தம், உங்களோடு எனக்குச் சேர்த்தி இல்லை என்பது. பாவிகள், என்னைப் பெரிய மனுஷி என்று நினைத்து ஒதுங்கிவிட்டார்கள்.

"நிறுத்தாதீங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, நடுப்பாட்டில் பொத்தானை அமுக்கினேன்.

நாராசம். அவர்கள் பாடுகிற சுருதி என் பெட்டியில் இல்லை. ஒரு கட்டைக்கும் ஒன்றரைக் கட்டைக்கும் நடுவே எங்கேயோ மிதக்கிறார்கள். என்னுடைய பெட்டி அதன் இடத்தைவிட்டு ஒரு இம்மிகூட நகராது. எதிர் சீட்டில் கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கவிட்டிருந்த பையன் ஹெட்போனை இன்னும் இறுக்கிக்கொண்டான். ஒரு பூக்காரம்மா "ஐய, இன்னாத்துக்கு இது" என்றாள். பட்டரவாக்கம் வரைக்கும் அமுக்கியும் இழுத்தும் பார்த்தேன், எதிலும் அவர்கள் அகப்படவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் நிறுத்தவில்லை. இந்த ஒன்பது வருஷத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டென்றால் அது வெட்கத்தோடு வாசிப்பது.

கொரட்டூரில் வண்டி நின்றது. அண்ணன் வீட்டு ஸ்டேஷன். கூட்டம் ஏற, ஜமா நகர்ந்து இடம் விட, பாட்டு ஒரே ஒரு குரலில் மெலிந்து தொங்கியது. ஏறுகிறவர்கள் பிடிக்க வேண்டிய நேரம் இது. எனக்குப் பட்டென்று புரிந்தது. நானும் இங்கேதான் ஏற வேண்டும். எழுந்து நின்றேன். துருத்தியை முழுக்க விரித்து, காற்றை நிரப்பி, பல்லவியின் முதல் அடியை என் சுருதியில், என்னால் முடிந்த மட்டும் சத்தமாக வாசித்தேன்.

வண்டி கிளம்பியது. காதர் அண்ணன் ஒரு நொடி தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அந்தச் சுருதியிலேயே எடுத்தார்.

"ஏறிக்கோ மாமே ஏறிக்கோ."

மற்றவர்களும் சேர்ந்தார்கள். சீட்டும் சுவரும் சேர்ந்தன. எனக்குத் தெரியாமலே அந்த மெட்டில் ஒரு ஐரிஷ் துள்ளல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, வரி முடிகிற இடத்தில் விரல் தானாகக் குதிக்கிறது. "நம்ம பாட்டுக்குக் கோட்டு மாட்டி உட்டுட்டியேம்மா" என்று காதர் அண்ணன் பாட்டுக்கு நடுவிலேயே சொன்னார். அடுத்த சுற்றில் அந்தக் குதிப்புக்கு அவர்களே ஒரு தட்டு போட்டுவிட்டார்கள்.

வில்லிவாக்கத்தில் பூக்காரம்மா பாடினாள். பெரம்பூரில் அந்தப் பையன் ஹெட்போனைக் கழற்றினான். வியாசர்பாடி தாண்டும்போது எனக்கு வழக்கமான இடத்தில் காற்று தீர்ந்தது. பெட்டி பாதி வரியில் ஊமையாகிவிட்டது. அந்த இடத்தை ஒரு புதுக் குரல் நிரப்பியது. திரும்பிப் பார்த்தேன். மதி, ரெண்டு கையாலும் பெட்டிச் சுவரைத் தட்டிக்கொண்டு, "குந்தினாலும் போவும்" என்கிறாள். அவள் உச்சரிப்பு கேட்கச் சகிக்கவில்லை. பேசின்பிரிட்ஜில் வண்டி சிக்னலுக்கு நின்றபோது யாரும் நிறுத்தவில்லை, அங்கேயும் இரண்டு சுற்று ஓடியது. நான் அழுதுகொண்டேதான் வாசித்தேன், அதற்காகத் தாளம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

சென்ட்ரலில் எல்லாரும் இறங்கினார்கள். காதர் அண்ணன் கடைசியாக இறங்கி, காலியான பெட்டியைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "அண்ணாத்தே, போய்ட்டு வா" என்றார். பிறகு கடை திறக்க நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்துபோனார்.

7

மண்டபத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஐயர் உட்கார்ந்தாயிற்று. பெண் வீட்டார் முன் வரிசையில் இருந்தார்கள். வாசலிலேயே அண்ணன் மறித்தான். என் தோளில் பையும், பைக்குள் ஆறு மூலையும் அவன் கண்ணுக்குத் தப்பவில்லை.

"எங்க போன?"

"நைனாவ வண்டி ஏத்தி உட்டுட்டு வரேன்."

அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. கத்தப் போகிறான் என்று நானும் தயாராகத்தான் நின்றேன். அவன் கத்தவில்லை. முன் வரிசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"நம்ம கொரட்டூர் ஸ்டேஷன்ல நின்னுச்சா?"

"நின்னுச்சு."

"பாடினாங்களா, அங்க?"

"அங்கதான் நல்லா பாடினாங்க."

அவன் வேட்டி முனையைச் சரிசெய்கிறவன் மாதிரிக் குனிந்துகொண்டான். "ஒரு வார்த்தை என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல ஹேமா. நானும் வந்திருப்பேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்காகப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"அதுல யாரையும் கூப்பிட மாட்டாங்கண்ணா. நாமதான் ஏறணும்."